ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள்

ஒரு நாட்டின் கல்வி வளத்தை அளந்தறிய, நகரத்துக் கல்லூரிகளைக் காண்பதைக் காட்டிலும் சிற்றூர்த் தொடக்கப்பள்ளியைக் காண்பதே பொருத்தமாகும். பட்ட வகுப்பில் நாம் எழுப்பும் மாடத்திற்கு அடித்தளம் அங்குதான் இடப்படுகிறது. அவ்வடித்தளத்தின் உறுதி குறித்துச் சில கருத்துகளை ஈண்டு முன்வைக்க விழைகிறேன்.

கடந்து வந்த பாதை

தமிழகம் இத்துறையில் ஆற்றிய பணி பெருமைக்குரியது. காமராசர் ஆட்சியில் 1956இல் தோன்றிய மதிய உணவுத் திட்டம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவும் அதனோடு சேர்ந்தது. பாடநூல், சீருடை, பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி ஆகியனவும் விலையின்றிக் கிடைக்கின்றன. பசியும் தொலைவும் பள்ளி வாயிலை அடைத்து நின்ற நிலை பெரிதும் மாறிவிட்டது. வாயிலைக் கடந்து வந்த பிள்ளைக்கு வகுப்பறையில் என்ன கிடைக்கிறது என்பதே இன்றைய வினா.

ஈராசிரியர் பள்ளி

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப்பள்ளிகளில் 60 மாணவர் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4 என வரையறுக்கிறது. ஐந்தாம் ஆசிரியர் வேண்டுமெனில் 121 மாணவர் வேண்டும். தலைகளை எண்ணினால் இக்கணக்கு சரியே. ஆனால் நாற்பது பிள்ளைகள் பயிலும் பள்ளியிலும் வகுப்புகள் ஐந்து, பாடங்களும் ஐந்து. இருவருள் ஒருவர் தலைமையாசிரியர். பதிவேடுகளும் இணையப் பதிவேற்றமும் கூட்டங்களும் அவரைச் சேர்ந்தவை. மற்றவர் விடுப்பில் சென்றாலோ ஐந்து வகுப்புகளும் ஒருவர் தலையில். முதல் வகுப்புக் குழந்தையின் விரல் பிடித்து எழுத்தறிவிக்கும் நேரத்தில், ஐந்தாம் வகுப்பு மாணவன் பின்னக் கணக்கில் ஐயம் கேட்கக் காத்திருக்கிறான்.

பல வகுப்புகளை ஒருங்கே கற்பிக்கத் தனி முறைகள் உண்டு. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான முறையே தமிழகத்தின் செயல்வழிக் கற்றலுக்கு முன்மாதிரியாயிற்று. முறை நன்றே, எனினும் அம்முறைக்கும் பிள்ளையின் அருகே ஆசிரியர் இருந்தாக வேண்டும்.

தேய்வின் சுழற்சி

இந்நிலை கண்ட பெற்றோர் கடன்பட்டேனும் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. மாணவர் குறையவே ஆசிரியர் ‘உபரி’ எனக் கணக்கிடப்பட்டுப் பணிநிரவலில் வேற்றூர் செல்கிறார். ஆசிரியர் குறையவே மாணவர் மேலும் குறைகின்றனர். அதே சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசே ஈடுசெய்ய வழிவகுத்துள்ளது. ஏழைப் பிள்ளைக்கு அது நன்மையே. எஞ்சிய ஊர்ப் பள்ளிக்கோ அது மற்றுமொரு இழப்பு.

மாணவர் குறைந்த பள்ளிகளை இணைத்துவிடலாமே என்பார் உளர். ஆறு வயதுச் சிறுமி நெடுஞ்சாலை கடந்து அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, வகுப்புக்கு ஓர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும் என்று அதே அட்டவணை கூறுகிறது. மூத்த பிள்ளைக்குப் பொருந்தும் நீதி இளம் பிள்ளைக்கு ஏன் பொருந்தலாகாது? தலைகளை எண்ணாது வகுப்புகளை எண்ணுவதே கொள்கையாதல் வேண்டும். செலவு மிகும் என்பது உண்மையே. ஆகவே முதற்படியாக, ஈராசிரியர் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் ஆசிரியர் ஒருவரை அளிக்கலாம். பல பள்ளிகளுக்குப் பொதுவாக எழுத்தர் ஒருவரை அமர்த்திப் பதிவேட்டுச் சுமையைக் குறைக்கலாம்.

நம் கடமை

அரசை நோக்கிக் கை நீட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊரார் தாமே முன்வந்து பலகையும் இருக்கையும் கட்டடமும் ஈந்தனர். இன்று பெற்றோர் பெரும்பான்மையாய் அமரும் பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படியே உள்ளது. பெரியோர் அக்குழுவிற்குத் துணை நின்று ஆசிரியர் பணியிடத்தைக் கேட்டுப் பெறலாம். மாணவச் செல்வங்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது நீங்கள் பயின்ற பள்ளிக்குச் சென்று சில நாள்களேனும் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுங்கள். ஊர்ப் பள்ளி ஒருமுறை மூடப்பட்டால் மீண்டும் திறப்பது அரிது. திறந்திருக்கும்போதே அதனைக் காப்போம்.