கஞ்சி அண்டாவைப் பரணில் ஏற்றாதீர்கள்

ரமலானில் ஒயிட்சேப்பலின் கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் தராவீஹுக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடு. பெருநாள் கழிந்த மறுவாரம், எங்கள் ஈஸ்ட்ஹாம் பக்கத்துப் பள்ளியில் இஷாவுக்கு முதல் ஸஃப்பே நிரம்பவில்லை. ஈமான் குறைந்துவிட்டதென்று மிம்பரில் கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்தது கூட்டுதான்.

ஷவ்வாலின் ஆறு நோன்பைத் தனியாகப் பிடிப்பவரை ஸஹருக்கு எழுப்ப ஆளில்லை. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், மைக்ரோவேவில் சூடாக்கிய நேற்றைய குழம்பு. ஜூனில் நஃபில் நோன்பு பிடிப்பது இன்னும் சிரமம். இங்கே சூரியன் மறையவே இரவு 9.20 ஆகிவிடும். இஷா தொழுது படுத்தால் பஜ்ருக்கு நான்கு மணி நேரம்கூட இருக்காது.

ரமலான் முழுக்கக் கஞ்சி காய்ச்சும் நம் தமிழ் ஜமாஅத்தார், திங்கட்கிழமைகளிலாவது அண்டாவை அடுப்பில் ஏற்றலாமே? திங்கள் நோன்பு சுன்னத்துதானே. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கொத்துக்கறி: பெருநாள் மண்டப வாடகைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு செலவா!