அம்மாவுக்கு உன்னைத்தான் பிடிக்கும்



புதிய மொழியொன்று எமக்குள் வரும்போது கடைசியாக வந்து சேர்வது பகிடிதான். கடையில் சாமான் வாங்குமளவுக்கு மொழி கெதியாக வந்துவிடும். வைத்தியரிடம் நோவைச் சொல்லவும், வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும் ஓரிரு வருடங்கள் போதும். ஆனால் ரீவியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது, எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று பிடிபட அதைவிடக் கூடிய காலம் எடுக்கிறது. பிள்ளைகளுக்கோ அது பள்ளிக்கூட முற்றத்திலேயே வந்துவிடுகிறது. இதனால் எத்தனையோ வீடுகளில் பின்னேரங்களில் பிள்ளைகள் சிரிக்க, தாய் தகப்பன் அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிடும் குடும்பம் சிரிப்பில் மட்டும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

இந்த இடைவெளியைக் கொஞ்சமேனும் குறைக்க ஒரு வழி சொல்லவே இம்முறை வருகிறோம். பழைய ஆங்கில இசைத்தட்டு ஒன்றைப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து கேட்டுப் பாருங்கள் என்பதே எமது யோசனை.

அமெரிக்காவின் ஸ்மொதர்ஸ் சகோதரர்கள் 1961 இல் வெளியிட்ட முதலாவது இசைத்தட்டு அது. சான் பிரான்சிஸ்கோவில் 'பேர்ப்பிள் ஒனியன்' என்றொரு நிலவறை இரவு விடுதி இருந்தது. 'ஊதா வெங்காயம்' என்று பொருள். 1959 இல் அங்குதான் அவர்கள் தொழில்முறைக் கலைஞர்களாக மேடையேறினார்கள். அதன் பெயரையே இசைத்தட்டுக்கும் வைத்தார்கள். மூத்தவர் ரொம், கையில் கிற்றார். இளையவர் டிக், அருகில் ஆளுயர டபிள் பேஸ் வாத்தியம். இருவரும் நாட்டுப்பாடல் பாடுபவர்கள். பாட்டும் பேச்சும் சபையோரின் சிரிப்பும் கலந்து பதிவாகியிருப்பதால், மண்டபத்தின் மூலையில் நாமும் இருப்பது போன்ற உணர்வு வரும்.

அக்காலத்தில் அமெரிக்காவில் நாட்டுப்பாடல்களுக்குப் பெரும் வரவேற்பு. 1958 இல் கிங்ஸ்ரன் மூவர் பாடிய 'ரொம் டூலி' நாடெங்கும் ஒலித்தது. கல்லூரி மாணவர்கள் எல்லோரும் கிற்றார் தூக்கினார்கள். பாடுவதற்கு முன்னர் அந்தப் பாட்டு எங்கே பிறந்தது, யார் பாடியது என்று பாடகர் நீண்ட விளக்கம் கொடுப்பதும் வழக்கமாயிற்று. சகோதரர்கள் பிடித்துக்கொண்டது இந்த விளக்கத்தைத்தான். ரொம் மிகவும் பாரதூரமான முகத்துடன் ஒரு பாட்டின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார். அது முழுக்கப் புழுகு. டிக் பொறுமையாகத் திருத்துவார். ரொம் தடுமாறி, அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்வார். பாட்டுத் தொடங்கும், இரண்டு அடி போனதும் நின்றுவிடும், சண்டை வரும். வாதத்தில் தோற்ற அண்ணன் கடைசியில், "அம்மாவுக்கு எப்போதும் உன்னைத்தான் கூடப் பிடிக்கும்" என்று சின்னப் பிள்ளைபோல் சிணுங்குவார். சபை அதிரும். காலப்போக்கில் அந்த வசனமே அவர்களின் அடையாளமாயிற்று. 1965 இல் வந்த இசைத்தட்டுக்கு அதையே பெயராக வைத்தார்கள்.

வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த எமக்கு இது முற்றிலும் புதிதல்ல. பக்கத்தில் இருப்பவர் இடைமறித்துக் கேள்வி கேட்க, கதை சொல்பவர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே கதையை நகர்த்துவது எமது கோயில் வீதிகளில் கண்டதுதான். ஒரு வேறுபாடு உண்டு. எமது வில்லுப்பாட்டில் கேள்வி கதையை முன்னே தள்ளும். இவர்களிடம் கேள்வி பாட்டை நிறுத்திவிடும்.

மொழி படிப்பவர்களுக்கு இந்தப் பதிவுகள் ஏன் உகந்தவை? ரொம் மெதுவாகப் பேசுவார், திக்குவார், சொன்னதையே திரும்பச் சொல்வார். டிக் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிப்பார். பெரும்பாலான பகிடிகளுக்கு அமெரிக்க அரசியலோ சினிமாவோ தெரிந்திருக்கத் தேவையில்லை. உதாரணத்துக்கு ஒன்று: சொக்கிளேற் நிரம்பிய கொப்பறையில் விழுந்துவிட்ட ஒருவன் "நெருப்பு, நெருப்பு" என்று கத்துகிறானாம். ஏன் நெருப்பு என்று கத்தினாய் என்று தம்பி கேட்கிறார். சொக்கிளேற் என்று கத்தினால் யார் காப்பாற்ற வருவார்கள் என்பது பதில். இதை விளங்கிக்கொள்ள அகராதி வேண்டாம்.

மேடையில் மக்குப் போலத் தோன்றிய ரொம்தான் உண்மையில் நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டவர். 1967 பெப்ரவரியில் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் அவர்களின் வாராந்த நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. நாட்டுப்பாடகர் பீற் சீகரை அழைத்து, யுத்தத்தைச் சாடும் பாடலொன்றைப் பாடவைத்தார்கள். ஒளிபரப்புக்கு முன்னர் நிலையம் அதை வெட்டியது. சகோதரர்கள் விடவில்லை. 1968 பெப்ரவரியில் சீகர் மீண்டும் வந்து அதே பாடலைப் பாட, இம்முறை அது ஒளிபரப்பானது. இப்படியான இழுபறிகளின் முடிவில் 1969 ஏப்ரலில் நிகழ்ச்சியையே நிறுத்தினார்கள். அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1973 இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 750,000 டொலருக்கு மேற்பட்ட நட்டஈடும் கிடைத்தது. எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் மனிதர் காணாமற்போன ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். பேச்சைத் தடுத்த ஒரு பெரிய நிறுவனத்தை இரு பகிடிக்காரர் நீதிமன்றத்துக்கு இழுத்து வென்றதை எமது பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது நல்லது.

மொன்றியல் வாசகர்களுக்கு ஒரு மேலதிகச் செய்தி. 1969 ஜூனில் உங்கள் நகரத்துக் குயீன் எலிசபெத் ஹோட்டல் அறையில் ஜோன் லெனன் 'கிவ் பீஸ் எ சான்ஸ்' என்ற சமாதானப் பாடலைப் பதிவுசெய்தபோது, கூட இருந்து கிற்றார் வாசித்தவர் இந்த ரொம்தான்.

இனி, இந்தச் சகோதரர்களைப் பற்றி எழுத எம்மைத் தூண்டிய விடயத்துக்கு வருகிறோம்.

இவர்களின் தகப்பனார் அமெரிக்க இராணுவ அதிகாரி. பிலிப்பைன்ஸில் பணியாற்றினார். யுத்தம் நெருங்கியதும் தாயாரும் பிள்ளைகளும் மணிலாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். தகப்பன் பின்தங்கினார், யப்பானியரிடம் சிறைப்பட்டார், 1945 இல் கைதியாகவே இறந்தார். அப்போது ரொம்முக்கு 8 வயது, டிக்குக்கு 6 வயது. அவர்கள் திரும்பியது சொந்த நாட்டுக்கு. நாம் வந்திருப்பது அந்நிய நாட்டுக்கு. அந்த வித்தியாசம் பெரிது. ஆனால் தகப்பனை யுத்தத்தில் விட்டுவிட்டுத் தாயுடன் கப்பலேறிய பிள்ளைகளின் கதை எமக்கு விளங்காத கதையல்ல. 'அம்மாவுக்கு உன்னைத்தான் பிடிக்கும்' என்ற வசனத்தை இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அதன் நிறம் மாறிவிடுகிறது. அந்த வீட்டில் பங்குபோட இருந்தது தாயின் அன்பு மட்டும்தான்.

எங்கள் குடும்பங்களிலும் இந்த வசனம் உண்டு, சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. காணியை ஈடுவைத்து ஒரு பிள்ளையை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பக் காசு இருந்தது. யாரை அனுப்புவது என்று தாய் முடிவெடுத்தாள். வந்த பிள்ளை, "என்னைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்" என்று நினைக்கிறது. நின்ற பிள்ளை, "அவனைக் காப்பாற்றிவிட்டு என்னைக் குண்டுக்குள் விட்டாள்" என்று நினைக்கிறது. இரண்டு பேருமே தொலைபேசியில் சுகம் மட்டும் விசாரிக்கிறார்கள். தாய்க்கு இரண்டு பக்கமும் நோகிறது.

ஸ்மொதர்ஸ் சகோதரர்கள் அந்த மனத்தாங்கலை ஒளிக்கவில்லை. மேடையில் கொண்டுவந்து வைத்து, ஊர் முழுக்கச் சிரிக்கவைத்தார்கள். பிறகு அடுத்த பாட்டை இருவரும் சுருதி பிசகாமல் சேர்ந்து பாடினார்கள். ஐம்பது வருடங்களுக்கு மேலாக அப்படிச் சேர்ந்து நின்றார்கள். ரொம் 2023 டிசம்பரில், 86 ஆவது வயதில் காலமானார்.

உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். இணையத்திலும் இவர்களின் பதிவுகள் கேட்கக் கிடைக்கின்றன. பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, விளங்காத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். தாய் தகப்பனுக்கு ஒரு பகிடியை விளங்கப்படுத்தப் பிள்ளை தமிழில் சொல் தேட வேண்டிவரும். அதுவும் ஒரு தமிழ் வகுப்புத்தான். கேட்டு முடிந்ததும், ஊரிலுள்ள அண்ணனுக்கோ தங்கைக்கோ தொலைபேசி எடுங்கள். "அம்மாவுக்கு உன்னைத்தானே பிடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே தொடங்குங்கள். சிலவேளை, இவ்வளவு காலமும் பேசாததைப் பேச அது ஒரு வழியாக அமையலாம்.