பத்தியமும் மருந்தும்

"உணவே மருந்து" என்னும் தொடர் இன்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். அதற்கு வள்ளுவரையே சான்றாக அழைப்பாரும் உளர். 'மருந்து' அதிகாரம் அளவறிந்து உண்ணுதலை விரித்துரைப்பது மெய்யே. ஆயினும் அதன் இறுதி மூன்று குறட்பாக்கள் நோய் நாடும் மருத்துவனையும், மருந்தையும், உடனிருந்து பேணுவோனையும் அல்லவா பேசுகின்றன? பாதியை மறப்பது தண்டுவட மரப்பு நோயில் பெருந்தீங்காய் முடியும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் இந்நோயில், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மேலுறையைச் சிதைக்கிறது. பார்வை மங்கும், கால் தளரும், கை மரத்துப்போகும். பலருக்கு இத்தாக்குதல் சில வாரங்களில் தானே தணிவதும் உண்டு. அவ்வேளையில் எந்தக் கஞ்சியைக் குடித்திருந்தாலும் புகழ் அக்கஞ்சிக்கே போய்ச் சேரும்! விலைமிகுந்த மருந்தை நிறுத்திவிடும் எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. மறுதாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் இன்று உள்ளன. எந்தப் பத்தியமும் அவற்றின் இடத்தை நிரப்பியதாக மெய்ப்பிக்கப்படவில்லை.

ராய் சுவாங்க் என்னும் மருத்துவர் 1948இல் மாண்ட்ரீல் நரம்பியல் நிறுவனத்தில் கொழுப்புக் குறைந்த உணவைச் சோதிக்கத் தொடங்கினார். 144 நோயாளிகளை 34 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பத்தியம் காத்தவர்கள் நலமாயிருந்தனர் என 1990இல் எழுதினார். அரிய உழைப்பு, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க முறையாகப் பிரித்த மற்றொரு குழு இல்லை. அதே நிறுவனத்தில் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை நிறுவினார். கணியம்பாடியிலிருந்து அது பேருந்தில் சிறு தொலைவே.

உணவு வீண் என்பது நம் கருத்தன்று. சவ்வாது மலைச் சாமையும், கீரையும், மீனும் எவர்க்கும் நல்லனவே. வைட்டமின் டி குறைந்தோரிடம் இந்நோய் மிகுதி என ஆய்வுகள் காட்டுவதால், வெயில் படாது வீட்டிலிருப்போர் இரத்தச் சோதனை செய்துகொள்ளலாம். சிறுநீர் அடக்க இயலாமைக்கு அஞ்சி நீரைக் குறைப்பவர் பலர். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றுமே அதன் பயன்.

நோன்பு பற்றியும் ஒரு சொல். நோயுற்றோர்க்கு மார்க்கம் தெளிவாகவே சலுகை வழங்கியுள்ளது. உடல் சூடேறினால் இந்நோயின் அறிகுறிகள் தற்காலிகமாய் மிகும். வேலூர் வெயிலை நாம் அறிவோம். நோற்க விரும்புவோர் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மாத்திரை வேளைகளை மாற்ற இயலுமா எனக் கேட்டறிதல் வேண்டும். நோன்பு விட்டவருக்குப் பகலில் சோறிடும்போது முகஞ்சுளிக்கும் வீடுகளும் உள. அவற்றின் பெரியோர்களையே நாம் இங்கு வேண்டுகிறோம்.