எட்டாம் நாள் யார் வேலை?



கல்லூரி அண்ணன்களும் அக்காக்களும் உங்கள் ஊரில் தங்கி, கண்மாயைச் சுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டம் தொடங்கியது. சிறப்பு முகாம் ஏழு நாட்கள் நடக்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை குறைவு. பெய்கிற மழையும் கண்மாய்க்கு வந்து சேர்ந்தால்தான் வெள்ளாமை. ஆனால், வரத்துக் கால்வாய்களைச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொள்கிறது. இதுபோன்ற அயல் தாவரங்களை அகற்ற, தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுத்தது.

மாணவர்கள் பாடுபட்டு வெட்டுகிறார்கள். தூரோடு தோண்டாவிட்டால் மரம் மறுபடி துளிர்த்துவிடும். முகாம் ஏழு நாளில் முடியும், கருவேலம் முடியாது!

ஆகவே, ஊரார் வேடிக்கை பார்த்தால் உழைப்பு வீண். மாணவர்களிடம் கைபலம் உண்டு. தண்ணீர் வரும் வழி ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர வேண்டும்.

அடுத்த முகாம் வரும்போது, தாத்தாவைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போங்கள். முகாம் முடிந்தபின் துளிர் தெரிந்தால், பெரியவர்களிடம் சொல்லுங்கள். முள் மரம், நீங்கள் தொட வேண்டாம். கவனித்துச் சொல்வதே எட்டாம் நாள் வேலை. அது உங்களுடையது!