மன்ற அட்டை கல்லூரிக் கதவைத் திறக்குமா?



பாபநாசம் வட்டாரத்தில் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கி நின்றாள். கையில் நான்காக மடித்த துண்டுப் பிரசுரம் ஒன்று இருந்தது.

“சார், இதுல சேர்ந்தா காலேஜ்ல சீட் கிடைக்குமா?”

வாங்கிப் படித்தேன். திறமையான மாணவர்களுக்கான கழகம் என்று ஒரு தனியார் அமைப்பு தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தது. பணம் கட்டினால் உறுப்பினர் அட்டை, சான்றிதழ், பதக்கம் மூன்றும் வீடு தேடி வருமாம். கல்லூரிச் சேர்க்கையில் அவை கைகொடுக்குமாம். கட்டணத்தைப் பார்த்தேன். நடவுக்குப் போகும் அவள் அம்மாவுக்கு அது நாலைந்து நாள் கூலி.

அவளுக்கு அன்று சொன்ன பதிலைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், இடம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள். முன்பு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் இதில் சேர்ந்திருந்தது. 2007-லிருந்து அது இல்லை. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் மதிப்பெண். இவற்றோடு இட ஒதுக்கீடு சேர்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. இந்தக் கணக்கு முழுவதையும் தேடினாலும், “எந்த மன்றத்தில் உறுப்பினர்?” என்ற கேள்வி எங்கும் இல்லை!

விதிவிலக்குகள் உண்டு. விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவில் என்.சி.சி. மாணவர்களும் வருகிறார்கள். இவையெல்லாம் ஆண்டுதோறும் வெளியாகும் சேர்க்கை விதிகளில் எழுதப்பட்டிருக்கும். அங்கே எழுதப்படாத அட்டைக்குச் சேர்க்கையில் மதிப்பு இல்லை. எனவே யாராவது பணம் கேட்டால், முதலில் விதிகளைப் படியுங்கள். ஆசிரியரிடமும் கேளுங்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ‘தேசிய மாணவர் கௌரவச் சங்கம்’ என்று ஒன்று 1921-ல் தொடங்கியது. படிப்பு, தொண்டு, தலைமை, ஒழுக்கம் ஆகிய நான்கையும் பார்த்துப் பள்ளியே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். அங்கே பல பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணோடு கட்டுரை, ஆசிரியர் கடிதம், வெளிப்பணிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கின்றன. ஆனால் இலட்சக்கணக்கானோர் உறுப்பினராக இருக்கும்போது, உறுப்பினர் என்ற சொல் ஒருவரை மட்டும் எப்படித் தனித்துக் காட்டும்? அங்கேயும் கடைசியில், “உறுப்பினராக இருந்து என்ன செய்தாய்?” என்ற கேள்விதான் எஞ்சுகிறது.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். விதை நெல் மூட்டையில் நீலச் சீட்டு ஒன்று தைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சான்று விதையின் அடையாளம். அந்தச் சீட்டுக்கு ஏன் மதிப்பு? நீலமாக இருப்பதாலா? இல்லை. வயலை நேரில் ஆய்வு செய்கிறார்கள். சுத்தத்தையும் ஈரப்பதத்தையும் சோதிக்கிறார்கள். நூற்றுக்கு 80 விதையாவது முளைக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அதன் பிறகே சீட்டு. அந்தச் சோதனைகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் நீலக் காகிதம்! எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் இதையே கேளுங்கள்: இதன் பின்னால் என்ன சோதனை இருக்கிறது? பணம் கட்டியதைத் தவிர வேறு சோதனை இல்லையென்றால், அது நீலக் காகிதம்தான்.

சரி, மன்றப் பணிகளுக்கும் மதிப்பெண் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது என்பது என் கருத்து. நகரத்துப் பள்ளியில் ஆய்வுக்கூடம், மன்றம், போட்டிக்கு அழைத்துச் செல்ல வாகனம் எல்லாம் இருக்கும். கடைமடைக் கிராமத்தில், மாலை மணி அடித்ததும் ஆடு மாட்டைப் பார்க்க ஓடும் பிள்ளைக்கு மன்றத்துக்கு நேரம் ஏது? பணிகளை எண்ணத் தொடங்கினால், வசதி உள்ளவர்கள் இன்னொரு படி மேலே ஏறி நிற்பார்கள். மதிப்பெண்ணிலும் வசதியின் சாயல் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், வெளிப்படையான தரவரிசை என்ற ஏற்பாட்டில் சிபாரிசுக்கு இடம் குறைவு. அதை இழக்கக்கூடாது.

“அப்படியென்றால் ராமானுஜன்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்த சீனிவாச ராமானுஜன், 1904-ல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு பெற்றார். கும்பகோணம் அரசுக் கல்லூரி உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் கணிதத்திலேயே மூழ்கிப்போனதால் மற்றப் பாடங்களில் தவறினார். உதவித்தொகை போயிற்று. பின்னர் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பரிசு அவரைக் காப்பாற்றவில்லை. மதிப்பெண்ணோ அவரை அடையாளம் காணவில்லை!

அவரைக் காப்பாற்றியது எது? நோட்டுப் புத்தகங்களில் ஆண்டுக்கணக்காக எழுதிவந்த கணிதம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன. ஹார்டி அந்தத் தேற்றங்களைச் சோதித்துப் பார்த்துத்தான் அழைத்தார். 1918-ல் ராமானுஜன் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பாருங்கள், இதுவும் ஓர் உறுப்பினர் பதவிதான்! ஆனால் வேலை முதலில் வந்தது; பதவி பின்னால் வந்தது.

ஆகவே மதிப்பெண் வாசலை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு சிறு சன்னலைத் திறக்கலாம். அட்டையைக் காட்டுபவர்களுக்கு அல்ல, செய்த வேலையைக் காட்டுபவர்களுக்கு. சென்னை ஐ.ஐ.டி. அப்படி ஒன்றைத் திறந்திருக்கிறது. அறிவியல், கணித ஒலிம்பியாட்களில் உயர்நிலையை எட்டியவர்களுக்கு, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாக அல்லாமல் 2025-26 கல்வியாண்டு முதல் தனி இடங்கள் தருகிறது. ஒன்றைக் கவனியுங்கள். ஒலிம்பியாட் என்று பெயர் வைத்துக்கொண்ட தனியார் தேர்வுகள் பல உண்டு. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் முன்னின்று நடத்தும் அதிகாரபூர்வமான ஒலிம்பியாட் வேறு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அன்று அந்த மாணவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு இன்னொரு கேள்வி கேட்டாள்.

“அப்ப மன்றத்துக்கு வர்றதால என்ன சார் லாபம்?”

“சீட்டு கிடைக்காதும்மா. ஆனா சீட்டு கிடைச்ச பிறகு எது தேவையோ, அது கிடைக்கும்” என்றேன்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் யாரும் உங்கள் அட்டையைக் கேட்க மாட்டார்கள். அளக்கத் தெரியுமா, பார்த்ததைப் பார்த்தபடி எழுதத் தெரியுமா, தவறு செய்தால் ஒப்புக்கொள்ளத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். அறிவியல் மன்றமும், 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும், தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகச் செய்யும் ஆய்வும் இந்தப் பழக்கத்தைத்தான் தருகின்றன. பணம் கட்டி வாங்க முடியாத பழக்கம் அது.

இன்றே தொடங்கலாமே! வீட்டில் இருக்கும் விதை நெல்லில் சரியாக 100 மணிகளைப் பொறுக்கியெடுக்காமல் எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பி மூடி வையுங்கள். காயவிடாமல் இரண்டு வாரம் நாள்தோறும் பார்த்து, எத்தனை முளைத்தன என்று தேதியோடு குறியுங்கள். 80-ஐத் தாண்டியதா? தாண்டாவிட்டால் ஏன்? பழைய விதையா, பூச்சி அரித்ததா? அப்பாவிடம் கேளுங்கள், மறுபடி செய்து பாருங்கள்.

அந்த நோட்டுப் புத்தகம் எந்தச் சேர்க்கைப் பட்டியலிலும் உங்களை ஓர் இடம்கூட முன்னே தள்ளாது. ஆனால் ஒரு மூட்டைச் சீட்டின் பின்னால் என்ன சோதனை இருக்கிறது என்று உங்கள் கையாலேயே தெரிந்துகொண்டிருப்பீர்கள். அதன் பிறகு வெறும் காகிதத்தைக் காட்டி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.