வழக்கற்றவர்கள்

மீனவர்களைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சௌகரியமாக அகப்பட்டிருக்கிறது: வெகுளி. வெகுளியான முகம், வெகுளியான சிரிப்பு, வெகுளி ஜனங்கள். காட்டூர்ப் பக்கம் போய்ப் பழவேற்காடு ஏரியை ஒரு மாலை பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும், வந்துவிடுகிறது.

வெகுளி என்றால் கோபம். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. கோபத்தை விலக்கத்தான் குறளில் வெகுளாமை என்று 31ஆவது அதிகாரம். கோபத்தின் பெயர், கோபப்படத் தெரியாதவனுக்குப் பட்டமாகிவிட்டது.

ஆங்கிலத்தில் 'ஸாக்லெஸ்' என்றொரு பழஞ்சொல். 'ஸாகு' என்றால் வழக்கு, தகராறு, குற்றச்சாட்டு. அது அற்றவன் ஸாக்லெஸ். அவன்மேல் பிராது இல்லை. முதலில் இது சட்டத்தின் முன் ஒருவனுக்கிருந்த அந்தஸ்து, குணமல்ல. பிறகு குற்றமற்றவன் என்றாயிற்று, பிறகு சூதுவாது அறியாதவன். கடைசியில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அசடு, திராணியற்றவன். ('ஸில்லி'யும் இப்படித்தான். பாக்கியவானாகப் பிறந்து முட்டாளாக முடிந்தது.) பொது ஆங்கிலத்தில் ஸாக்லெஸ் இன்று வழக்கொழிந்த சொல். அதன் உத்தியோகத்தை நம்மிடம் வெகுளியும் அப்பாவியும் பார்க்கின்றன.

ஏரிக்கரை ஜனங்களோ வழக்குள்ளவர்கள், வழக்கம் என்ற அர்த்தத்திலும் வியாஜ்யம் என்ற அர்த்தத்திலும். ஏரியில் 'பாடு' என்ற ஏற்பாடு இருக்கிறது. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். பாட்டில் இடம் தரப்படாத சாதிகள் உண்டு. அதனால் வந்த சண்டைகளும் உண்டு. உரிமை என்னவென்று தெரிந்தவர்கள், அடுத்தவனுக்கு அதை மறுக்கவும் தெரிந்தவர்கள். இதில் வெகுளித்தனம் எங்கே இருக்கிறது?

ஒரு நாள் எங்கள் கவுண்டரில் ஏரிக்கரைக்காரர் ஒருவர் கடன் வட்டியில் பிசகு இருப்பதாகச் சொன்னார். கூட்டிப் பார்த்தேன். பிசகு எங்களுடையதுதான். அவர் போனபின் பக்கத்து மேஜைக்காரர், "பாவம் சார், வெகுளி மனுஷன்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். கணக்குக் கேட்டவனை மறுபடி கணக்குத் தெரியாதவனாக்கிப் படியிறக்கி அனுப்பும் பாராட்டு. நம் கவிஞர்கள் செய்வதும் இதே காரியம், கொஞ்சம் சந்தத்தோடு.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரிக்கும் திட்டத்தை இந்தக் குப்பங்கள் எதிர்த்தன. தெருவில் நின்றார்கள், கோஷமிட்டார்கள். தொல்காப்பியரின் வெகுளி அங்கே இருந்தது. அது பற்றி ஒரு கவிதை வந்திருந்தால் யாராவது எனக்கு அனுப்பிவைக்கட்டும்.