பெட்டி பெரிதா, பயன் பெரிதா?

மைய அரசுப் பணியில் உள்ளோர் குடும்பங்களுக்கு இடமாற்றம் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டிலைக் கழற்றி, ஏர் கூலரின் தாங்கியைப் பிரித்து, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி, வேறோர் ஊரில் மீண்டும் பூட்ட வேண்டியிருக்கிறது. இவ்வேலைகளுக்கும் காரில் நேரும் சிறு பழுதுகளுக்கும் உதவுவது, சாக்கெட்டும் ராட்செட்டும் அடங்கிய கருவிப் பெட்டி. அதை வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாந்து போகின்றனர்.

சாக்கெட் என்பது மரையின்மேல் தொப்பிபோல் கவிழ்ந்து பற்றிக்கொள்ளும் எஃகுக் குழல். பேச்சில் நாம் நட்டு என்று சொல்வதற்கே மரை என்று பெயர். ‘மரை கழன்றவன்’ என்று ஊரில் கேலி பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மரைதான் இது. ராட்செட் அக்குழலைச் சுழற்றும் கைப்பிடி. அதன் தலைக்குள் ஒரு பல்சக்கரமும் அதைத் தடுக்கும் சிறு நாக்கும் உள்ளன. ஒரு பக்கம் திருப்பினால் நாக்கு பல்லைப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று வழுக்கிவிடும். ஆகவே, கருவியை மரையிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்து வேலையை முடிக்கலாம். பற்கள் 24 எனில் ஒவ்வோர் அசைவிலும் கை 15 பாகையாவது நகர வேண்டும். 72 எனில் 5 பாகை போதும். எஞ்சினின் இடுக்கில் கையை அசைக்க இடமில்லாதபோது இவ்வேறுபாட்டின் அருமை புரியும்.

கடைகளில் சில நூறு ரூபாய்க்கு 46 துண்டுகள் கொண்ட பெட்டி ஒன்று கிடைக்கிறது. அதன் பளபளப்பைப் பார்த்தவுடன் கை தானே நீளும். ஆனால், உள்ளே இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். பாதிக்கும் மேற்பட்டவை திருப்புளி முனைகளும் சிறு வளைந்த சாவிகளுமே. சாக்கெட்டுகள் பெரும்பாலும் 13 இருக்கும். அவையும் 4 மி.மீ. அளவில் தொடங்கி 14 மி.மீ. அளவில் முடிந்துவிடும். கார்ச் சக்கரத்தின் மரைகளோ வண்டிக்கு ஏற்ப 17, 19 அல்லது 21 மி.மீ. இருக்கும். நெடுஞ்சாலையில் இரவு வேளையில் டயர் பஞ்சரானால், அந்த 46 துண்டுகளில் ஒன்றுகூடப் பொருந்தாது.

பொருந்தினாலும் அக்கைப்பிடி தாங்காது. சாக்கெட்டின் பின்புறம் உள்ள சதுரத் துளையின் அளவைக் கொண்டே பெட்டிகளை வகைப்படுத்துவர். கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், அரை அங்குலம் என்பன அவ்வகைகள். (எட்டில் மூன்றைப் பழைய தமிழ்க் கணக்கில் ‘காலே அரைக்கால்’ என்பர். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று.) நாம் பார்த்த பெட்டி கால் அங்குல வகையைச் சேர்ந்தது. சக்கர மரையை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் முடுக்குவர். 15 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியால் அவ்விசையைத் தர வேண்டுமானால், 68 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் முழுமையாகத் தொங்க வேண்டும்! கைப்பிடி 50 செ.மீ. ஆனால், 20 கிலோ எடைக்கு நிகரான அழுத்தமே போதும். துருப்பிடித்த மரைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

ஆகவே, என் தேர்வு அரை அங்குல வகை. 10, 12, 13, 14, 17, 19, 21 மி.மீ. சாக்கெட்டுகள், ஒரு ராட்செட், ஒரு நீட்டுக்கம்பி, பல்சக்கரம் இல்லாத நீண்ட கைப்பிடி ஒன்று. ஆக மொத்தம் பத்துத் துண்டுகள். இறுகிப்போன மரையை முதலில் அசைக்க அந்த நீண்ட கைப்பிடியே ஏற்றது. ராட்செட்டின் மீது அவ்வளவு வலிமையைக் காட்டினால் அதன் பற்கள் உடையும். இவற்றுள் மிகுதியாகப் பயன்படுவது 10 மி.மீ. சாக்கெட். பெரும்பாலான கார்களில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றவும் அதுவே வேண்டும். அடிக்கடி தொலைந்து போவதும் அதுதான். அங்குல அளவுச் சாக்கெட்டுகளைச் சேர்த்துத் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தால் அப்பெட்டியைத் தவிர்த்துவிடலாம். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்களின் மரைகள் மி.மீ. அளவிலேயே உள்ளன.

வாங்கும்போது குழலின் உட்புறத்தைப் பாருங்கள். ஆறு பக்கங்கள் கொண்டது மரையின் தட்டையான பக்கங்களை அழுத்திப் பிடிக்கும். பன்னிரண்டு மூலைகள் கொண்டது விரைவில் பொருந்தும். ஆனால், மரையின் மூலைகளுக்கு அருகிலேயே அதன் பிடி விழுகிறது. மலிவான எஃகில் செய்யப்பட்டிருந்தால் சற்றே விரிந்து, மூலைகளை மழுக்கிவிடும். மழுங்கிய மரையைப் பிறகு எளிதில் கழற்ற இயலாது. பட்டறையில் வெட்டி எடுக்கவும் நேரலாம். கருவி வழுக்கும்போது கைமுட்டி இரும்பில் மோதிக் காயம் படுவதும் உண்டு. ‘குரோம் வனேடியம்’ என்பது எஃகின் வகை. மேலே தெரியும் குரோமியப் பூச்சு துருவைத் தடுக்குமே அன்றி வலிமையைத் தராது. பளபளப்பைக் கண்டு வலிமை என்று எண்ணுவதே பலரும் ஏமாறும் இடம்.

மெக்கானிக் இருக்க நமக்கு எதற்குக் கருவி என்று கேட்போர் உண்டு. பிரேக் போன்ற பகுதிகளுக்கு மெக்கானிக்கே வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், கட்டிலின் நான்கு மரைகளைக் கழற்ற ஒருவரைத் தேடி அலைவானேன்? பெரிய பெட்டியாக வாங்கினால் துண்டுக்கு விலை குறையும் என்பது மற்றொரு வாதம். கணக்கு சரிதான், எனினும், பயன்படாத துண்டு எவ்வளவு மலிவானாலும் வீண்செலவே. அப்பணத்தில் நல்ல ராட்செட் ஒன்றை வாங்கலாம்.

ஜலந்தரிலும் லூதியானாவிலும் ராஜஸ்தானின் நாகௌரிலும் கைக்கருவிகள் செய்யும் பட்டறைகள் நிறைந்துள்ளன. தில்லியில் வாழ்வோருக்குக் காஷ்மீரி கேட் சந்தை அருகிலேயே உள்ளது. இத்தகைய இடங்களில் சாக்கெட்டை உதிரியாகவும் விற்பர். இவ்வாண்டு ராட்செட்டும் மூன்று சாக்கெட்டுகளும், மற்றவை பிறகு எனச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

வாங்கிய வாரத்திலேயே பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, உங்கள் காரின் சக்கர மரையில் சாக்கெட்டைப் பொருத்திப் பாருங்கள். ஜாக்கியால் வண்டியைத் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போது, மரையைச் சற்றுத் தளர்த்த முடிகிறதா என்று பார்த்து, உடனே மீண்டும் முன்போல் முடுக்கிவிட வேண்டும். முடியவில்லை என்றால், வேண்டிய கைப்பிடியின் நீளம் எவ்வளவு என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.